‘கிளட்ச்ச முழுசா அமுக்கு’: எல் போர்டோடு நான் பட்ட ஆறு மாதம்

2023ல் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை, ஆஸ்பத்திரி ஸ்டான்லி. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் காலை மடக்க முடியாத ஒருவரை ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, காலை என் மடியில் நீட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘முருகா’ என்று கத்திக்கொண்டே வருவார். வாசலில் ஒரு கார் சும்மா நின்றது. துபாய் போன தம்பி விட்டுப்போன பழைய ஆல்டோ. மேலே போர்த்தியிருந்த கவருக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. கணவருக்கு மணலிப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை, கூப்பிட்ட நேரத்துக்கு வர முடியாது. சரி, நாமே ஓட்டுவோம் என்று கிளம்பினேன். எனக்கு அப்போது வயது 44. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி சீசனில் லட்சக்கணக்கில் வரவு செலவை ராத்திரிக்குள் நேர்பண்ணித் தருகிறவள், அரை மணி நேர கிளாஸில் குழந்தை மாதிரி அழப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

பஸ் போகிற ரோட்டில் போர்டு பார்த்து ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். 15 கிளாஸ், தினம் அரை மணி நேரம், 6,500 ரூபாய். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், அதற்கான செலவு தனி. நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டரிடம் படிவம் 1-ஏ என்கிற உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதையும் வாங்கிக் கொடுத்தேன். ஜூலை 10ந் தேதி எல்எல்ஆர் கைக்கு வந்தது. அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். பாதி கட்டி, பாதியை நிறுத்தி வைத்திருந்தால் பின்னால் பேசுவதற்கு எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

இன்னொன்றையும் அப்போது நான் கேட்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ன்படி சொந்த வண்டி ஓட்டக் கற்கிறவருக்குப் பயிற்சிக்காலம் 21 நாளுக்குக் குறையக்கூடாது, கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. 15 அரை மணி என்றால் ஏழரை மணி நேரம்தான். அதுவும் முழுசாகக் கிடைத்ததா? காரில் என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தரை இறக்கிவிட்டு இன்னொருத்தரை ஏற்றுகிற நேரமும் என் அரை மணிக்குள்தான் போனது. ஒருநாள் வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன், ஸ்டியரிங் என் கையில் இருந்தது 17 நிமிஷம். யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று ஸ்கூலில் படிவம் 15ல் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சேரும்போதே “தினம் ஸ்டியரிங் என் கையில எத்தனை நிமிஷம் இருக்கும், வண்டியில இன்னும் எத்தனை பேர் வருவாங்க”ன்னு கேட்டுவிடுங்கள். கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே கவுன்ட்டரில் பேச்சு மாறும்.

மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வாயில் பாக்கு, முப்பது வருஷ அனுபவம் என்று அவரே சொன்னார். முதல் நாள் காலை ஆறேகாலுக்கு ஏறி உட்கார்ந்ததும், “இன்னாமா, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?” என்றார். நம்ம ஏரியாவில் குறுக்கே வருகிறவனைப் பார்த்து வண்டிக்காரன் கத்துகிற வசனம். சிரித்தேன், தமாஷ் என்று நினைத்து. பத்தாவது நிமிஷத்தில் அது தமாஷ் இல்லை என்று புரிந்தது. “கிளட்ச்ச முழுசா அமுக்கு. முழுசா. காது கேக்குதா? முழுசான்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?” கியர் போடும்போதெல்லாம் வண்டி கரகரவென்று கத்தும், அதைவிடச் சத்தமாக அவர் கத்துவார். ஹாஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையில், காலை எடுக்கும்போது வண்டி குதித்து ஆஃப் ஆகும். “பத்து வயசுப் பையன் ஓட்டுவான் இத.”

நாலாவது நாள் காசிமேட்டுப் பக்கம் விட்டார். காலை ஆறரைக்கு அந்த ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அன்னக்கூடையோடு மீன்காரம்மாக்கள், ஐஸ் ஏற்றின மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ, நடுவில் சாவகாசமாக ஒரு மாடு. நட்டநடு ரோட்டில் வண்டி ஆஃப். பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் “சாவு கிராக்கி” என்று ஆரம்பித்து முழுப் பாட்டையும் பாடினார். அது எனக்கு வலிக்கவில்லை. மாஸ்டர் தலையை வெளியே நீட்டி, “லேடீஸ்பா, வுடு” என்றார் பாருங்கள், அதுதான் இன்னும் உள்ளே இருக்கிறது.

அந்த வாரத்தில் என்னவெல்லாம் ஆனது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். முந்தின ராத்திரி தூக்கம் வராது. அலாரம் அடிப்பதற்கு முன்னால் வயிறு கலங்கும். கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் குளிக்கிற சாக்கில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். கணவர் கேட்டால் “நல்லா போகுது” என்பேன். 6,500 ரூபாய் கட்டிவிட்டு நமக்கு இது வராது என்று எந்த வாயால் சொல்வது? ஓட்டும்போது அவர் சொல்வது காதில் விழும், மூளைக்குப் போகாது. இடது என்றால் வலது பக்கம் ஒடிப்பேன். திட்ட ஆரம்பித்ததும் கால் விறைத்துவிடும், விறைத்த காலோடு கிளட்ச்சை மெதுவாக விட முடியாது, வண்டி ஆஃப் ஆகும், அதற்கு இன்னொரு திட்டு. இது என் புத்தி மந்தத்தால் வருகிறது என்றே அப்போது நம்பினேன்.

ஒன்பதாவது நாள் கொருக்குப்பேட்டை கேட். மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாத கேட் அது. திறந்ததும் இரண்டு பக்கமிருந்தும் ஜனமும் வண்டியும் திபுதிபுவென்று இறங்கும். சரியாகத் தண்டவாளத்தின் மேல் ஆஃப் ஆனது. சாவியைத் திருப்பினேன், கியரில் இருந்ததால் குதித்து மறுபடி ஆஃப். மாஸ்டர் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, குறுக்கே கையை நீட்டி ஸ்டார்ட் பண்ணினார். அடி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் தட்டினார். கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பாக்கி ஆறு கிளாஸ் போகவே இல்லை.

இந்த இடத்தில் நான் செய்தது தப்பு, செய்திருக்க வேண்டியது வேறு. குரலை உயர்த்துவது ஒரு ரகம், அதைச் சமாளிக்க வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். கை வைப்பது, உடம்பைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேசுவது, நீங்கள் ஓட்டும்போது அவர் போனில் மூழ்குவது, இதெல்லாம் வேறு ரகம். இதைச் சகித்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அன்றைக்கே கவுன்ட்டருக்குப் போய், வேறு மாஸ்டர் வேண்டும் அல்லது மிச்சப் பணம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. “ஏன் வரலை”ன்னு அங்கேயிருந்தும் யாரும் கேட்கவில்லை. கட்டின பணம் கட்டினதுதான்.

நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கணவர் கற்றுத்தருகிறேன் என்று வந்தார். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு வழக்கு ஆகும்.

அக்டோபரில், மூலக்கடைப் பக்கம் ஒரு மாஸ்டர் தங்கமான மனுஷன் என்று கடையில் கூட வேலை பார்க்கிற பெண் சொல்ல, அங்கே 5,000 ரூபாய் கட்டினேன். மறுபடியும் முழுசாக. புத்தி வரவில்லை. தங்கமான மனுஷன்தான், பொய்யில்லை. “சூப்பர் மேடம்”, “அருமை மேடம்”, “பயப்படாதீங்க, நான் இருக்கேன் மேடம்.” ஒரு நாள்கூட வண்டி ஆஃப் ஆகவில்லை. பெரம்பூர் பாலம் ஏறி இறங்கினோம், மாதவரம் வரை போனோம். வீட்டுக்கு வந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நவம்பர் நடுவில் டெஸ்ட்டுக்குப் போனோம். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், ஏறி உட்கார்ந்து, எடுங்க என்றார். எடுத்தேன், ஆஃப். மறுபடி எடுத்தேன், ஆஃப். மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது, ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், பின்னால் உருண்டது. அவர் கோபப்படவில்லை. “இத்தனை நாளும் யாரும்மா ஓட்டினது?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் அன்று ராத்திரிதான் கிடைத்தது. ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இருந்தே ஆக வேண்டும் என்பது விதி, உயிர் காக்கிற சங்கதி அது. ஆனால் தங்கமான மாஸ்டர் பதினைந்து நாளும் கிளட்ச்சைத் தானே அமுக்கி, தானே விட்டு, இடது பக்கமிருந்து ஸ்டியரிங்கையும் ஒரு விரலால் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கத்துகிற மாஸ்டர் ஒருநாளும் அதைச் செய்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காக அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் குரல் இனிமையாக இருக்கிறதா என்று பார்த்தே மாஸ்டரைத் தேடினேன், அதற்கு விலை 5,000. நீங்கள் எந்த மாஸ்டரிடம் போனாலும் ஆறாவது ஏழாவது நாளில் ஒன்று கேளுங்கள்: “மாஸ்டர், அடுத்த பத்து நிமிஷம் ஆபத்துன்னா மட்டும் உங்க கால வைங்க. வச்சா, வச்சேன்னு சொல்லிடுங்க.” அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் யார் ஓட்டுகிறார்கள் என்று.

பெயிலானவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட்டுக்குப் போகலாம். எல்எல்ஆர் ஆறு மாசம்தான் செல்லும். எனக்கு ஜனவரி 9ந் தேதி காலாவதி. ஆகஸ்டையும் செப்டம்பரையும் அழுதே கழித்ததற்கு அப்போது வயிற்றெரிச்சல் பட்டேன். சண்டையோ கோபமோ, எல்எல்ஆர் கணக்கு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

கணக்கெழுதுகிறவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நோட்டை எடுத்து, முதல் மாஸ்டர் திட்டினதையெல்லாம் ஞாபகத்திலிருந்து இடது பக்கம் வரிசையாக எழுதினேன். வலது பக்கம், அந்தத் திட்டில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் அது. ‘பத்து வயசுப் பையன் ஓட்டுவான்’, வலது பக்கம் காலி. ‘வூட்ல சொல்ட்டு வந்துட்டியா’, காலி. ‘முழுசா அமுக்கு’, இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘கண்ணாடி எதுக்கு, பொட்டு வெக்கவா’, ஒடிக்கிறதுக்கு முன்னால் கண்ணாடி பார்க்க வேண்டும். ‘கியர பாத்தா ரோட்ட யாரு பாப்பா’, இதுவும் சரிதான். இரண்டு பக்கம் எழுதி முடித்தபோது மொத்தமாக நாலே நாலு தப்புதான் தேறியது. அதில் முக்கால்வாசி கிளட்ச். இதை ஜூலையிலேயே, கிளாஸ் முடிந்த கையோடு தினம் ஐந்து நிமிஷம் எழுதியிருந்தால் பாத்ரூம் குழாய்த் தண்ணீராவது மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் வாசலில் நின்ற ஆல்டோவில் ஏறி, இஞ்சினைப் போடாமல் கிளட்ச்சை மட்டும் அமுக்கிப் பார்த்தேன். கணவர் கதவைத் திறந்து வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, “முழுசா போகலையே, நுனிக்கால்லதானே தொடுற” என்றார். என் உயரம் நாலடி பதினொரு அங்குலம். சீட்டை முன்னால் இழுத்தால், போகும். முதுகுக்கு ஒரு திண்டு வைத்தால், அடிவரை போகும். பிறகு இஞ்சினைப் போட்டுப் பார்த்தேன், கியர் கரகரப்பும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஸ்கூல் காரில் எனக்கு முன்னால் ஓட்டுகிற பையன் ஆறடி, சீட் அவனுக்கு வைத்தபடியே இருக்கும். நான் ஏறி உட்காருவேன், மாஸ்டர் போ என்பார். சீட்டை நகர்த்தலாம் என்றுகூட எனக்குத் தெரியாது. ‘முழுசா அமுக்கு’ என்று அவர் ஒன்பது நாள் கத்தினது நியாயம். ஏன் என் கால் முழுசா போகவில்லை என்று அவரும் குனிந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியில் ஏறியதும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று காரியம்: கிளட்ச் அடிவரை போகிற அளவுக்கு சீட்டை இழுங்கள், முதுகு சாயட்டும், மூன்று கண்ணாடியையும் உங்கள் கண்ணுக்குத் திருப்புங்கள். பின்னால் ஆள் காத்திருந்தாலும் பரவாயில்லை.

திண்டை எடுத்துக்கொண்டு முதல் ஸ்கூலுக்கே போனேன். பழைய ஆறு கிளாஸ் கணக்கில் இல்லை என்று கவுன்ட்டர் அம்மா சொல்லிவிட்டார். ஒரு கிளாஸ் 400 என்று ஆறு கிளாஸ், நாள் நாளாகப் பணம். காலையில் அதே மாஸ்டர்தான். முதல் நாள் வண்டியை எடுக்கவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டபடியே பேசினேன். இதையெல்லாம் ஓடுகிற வண்டியில் பேசக்கூடாது, அவருக்கும் ரோஷம் வரும், நமக்கும் கை நடுங்கும். வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்: “மாஸ்டர், எனக்கு வண்டி கத்துக்கணும். நீங்க கத்தினா என் கால் விறைச்சுப்போகுது, அப்புறம் எதுவும் ஏற மாட்டேங்குது. தப்புப் பண்ணின பிறகு சொல்றத, தப்புக்கு முன்னாடி சொல்லுங்க. பெரிய தப்புன்னா ஓரமா நிறுத்தச் சொல்லி அங்க திட்டுங்க, கேட்டுக்கறேன். கை மட்டும் வைக்காதீங்க.”

கொஞ்ச நேரம் பாக்கை மென்றுகொண்டிருந்தார். “அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானேமா” என்றார். கை விஷயத்துக்கு, “அவசரத்துல பட்டுச்சு” என்றார், மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நானும் அதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து “அடுத்த லெஃப்ட்டு, இப்பவே கண்ணாடி பாரு, செகண்ட்டுக்கு வா” என்று இருபதடி முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். அவர் ஒன்றும் சாந்த சொரூபி ஆகிவிடவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் வரிசையை ஒட்டிப் போகும்போது பழைய குரல் வந்துவிடும். நான் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுவேன். அவர் புரிந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அப்படி நிறுத்தின ஒரு நாள்தான் சொன்னார், அந்த ரோட்டில் டிரெய்லருக்கு முன்னால் கற்றுக்குட்டி வண்டியை ஆஃப் பண்ணினால் தனக்கு இன்றைக்கும் குலை நடுங்கும் என்று. உள்ளே பயந்துகொண்டிருக்கிற ஆளிடமிருந்து அந்தச் சத்தம் வருகிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அவரிடம் பயம் பாதி குறைந்தது. சத்தம் குறைந்ததா என்றால், கால்வாசி.

மூன்று கிளாஸ் முடிந்திருந்தபோது மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 இரண்டு நாள் மழையில் எங்கள் தெருவே குளம். ஸ்கூல் கார் தண்ணீரில் நின்று, பத்து நாள் கிளாஸ் இல்லை. அந்தப் பத்து நாளும் ராத்திரி கனவில் ஜனவரி 9 வந்தது. மிச்சத்தை முடித்து டிசம்பர் கடைசி வாரம் டெஸ்ட்டுக்குப் போனேன், திண்டோடு. மேட்டில் நிறுத்தினேன், ஹேண்ட் பிரேக், ஹாஃப் கிளட்ச், வண்டி லேசாக முணுமுணுத்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டேன், ஏறியது. பாஸ்.

முதல் ஸ்கூல் 6,500, இரண்டாவது 5,000, கடைசி ஆறு கிளாஸ் 2,400, மறு டெஸ்ட்டுக்கு 300. ஆக 14,200. இரண்டு நாள் கடை லீவு சம்பளம் தனி. முதல் நாளே சீட்டை இழுத்துவிட்டு, மூன்றாவது நாளே வாயைத் திறந்திருந்தால் 6,500க்குள் முடிந்திருக்கும்.

இப்போது அம்மாவை நான்தான் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போகிறேன். முன் சீட்டைப் பின்னால் தள்ளி காலை நீட்டி உட்காருகிறார். எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் ராத்திரியில் இன்னும் போவதில்லை. முதல் தடவை வீட்டு வாசலிலிருந்தே அம்மா ஆரம்பித்துவிட்டார், “மெதுவாடி, ஆட்டோ வருது, ஆரன் அடி, ஐயோ மாடு.” மணிக்கூண்டுக்கு முன்னால் ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டு, “மா, வண்டி ஓடும்போது பேசாத, நிறுத்தினப்புறம் திட்டு, கேட்டுக்கறேன்” என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஸ்டான்லி வாசலில் வண்டியை நிறுத்தினதும், வழியில் விட்டுப்போனதையெல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையாக ஒப்பித்தார். பதினொன்று இருந்தது. மூன்று சரி.